கொடு என்பதைக் குடு என்று படித்தவள்

எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் வாயை நான் அடைத்தேன். அதற்கு எனக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் போதுமானதாக இருந்தது.

ஊரார் பழியைப் பள்ளிக்கூடத்து மிஷின் மேல் போட்டார்கள். "ஐயா நல்லதுக்குத்தான் செஞ்சாரு, அந்த மிஷினுதான் கோளாறு பண்ணிடுச்சி" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அது தப்பாகச் சொல்லும் என்று பேனர் அடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்! தெரிந்தும் பேசாமல் இருந்தேன்... இதைத்தான் இத்தனை நாளாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்போடு நின்றவன். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூடை சுமந்தவன். இன்று அதே சுரங்கத்து வாசலில் என் பெயர் எழுதிய டிப்பர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன! என் அப்பன் கூலிக்குக் கரும்பு வெட்டிய எறையூருக்கு நான் போனால் நாற்காலி போடுகிறார்கள். யார் கையைப் பிடித்தும் நான் ஏறவில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

மறைத்தது வேறு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடும். இது வெளியில் தெரியாமல் ஒரு காலம் முழுக்க ஓட்டிவிட்டேன். சட்டைப்பையில் கண்ணாடி இருக்கும்போதே, "கண்ணாடிய மறந்துட்டேன்" என்பேன்.

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் செல்வி என்ற பெண் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். அவள் மகள் மகேசு, மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கடைக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது பேப்பரை அவளிடம் நீட்டுவேன்.

"கண்ணாடிய மறந்துட்டேன் பாப்பா. தலைப்ப மட்டும் படி."

"பையில இருக்கறது என்னா தாத்தா?"

"அது கிட்டப் பார்வைக்கு இல்லடி, தூரத்துக்கு!"

சிரிப்பாள். பிறகு படிப்பாள். எப்படித் தெரியுமா? அச்சில் 'குடிநீர் விநியோகம் நிறுத்தம்' என்று இருக்கும். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாளைக்கித் தண்ணி வராதாம் தாத்தா, இன்னைக்கே புடிச்சி வச்சிக்கங்க" என்பாள். கடையில் இருப்பவர்கள் எல்லாம் காது கொடுத்துக் கேட்பார்கள். அப்படி ஒரு வாய் அது!

சென்ற ஆண்டு எங்கள் தொடக்கப் பள்ளிக்கு நான் டேப் வாங்கிக் கொடுத்தேன். சிலேட்டு அளவில், செயற்கை நுண்ணறிவு கொண்ட தொடுதிரை மிஷின். பிள்ளைகள் படிப்பதை அது கேட்கும். சரிக்குப் பச்சை, அரைகுறைக்கு மஞ்சள், தப்புக்குச் சிவப்பு என்று நிறம் காட்டும். டவுன் பள்ளிக்கூடங்களில்கூட இல்லாததை நான் கொண்டுவந்தேன் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

தலைமையாசிரியை அமலா டீச்சர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஐயா, இது காட்டுற கலர நாங்க அப்புடியே எடுத்துக்க மாட்டோம். புள்ளைங்க பக்கத்துல உக்காந்து மறுபடி கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவோம். பேரு, போட்டோ, மார்க்கு எதுவும் வெளிய போவக் கூடாதுங்க."

"இவ்ளோ பெரிய மிஷினுக்கு ஒரு கங்காணியா டீச்சர்?"

"கல்லு லோடு எடை மேடையில ஏறினாக்கூட உங்க ஆளு ஒருத்தர் நின்னு பாக்குறாரு இல்லீங்களா? புள்ளைங்களுக்குப் பாக்க வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. எடை மேடை காட்டுகிற எண்ணை நம்பி ஒரு லோடுகூட இறக்காதவன் நான்! ஆனால் ஒரு டீச்சர் எனக்கு என் தொழிலைச் சொல்லிக் கொடுப்பதா? சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

ஆண்டு விழாவுக்கு நான்கு நாள் முன்பு பள்ளிக்குப் போனேன். டீச்சர் சமையல் கூடத்தில் இருந்தார். மேசையில் ஒரு டேப் விழித்திருந்தது. ஆசை யாரை விட்டது? காது படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். அது ஒரு வரி சொன்னது: "வீட்டுக்குப் போ. மாட்டுக்குத் தண்ணீர் கொடு."

நானும் சொன்னேன். சிவப்பு!

மறுபடி சொன்னேன். சிவப்பு. எந்தச் சொல்லில் தப்பு என்று அதுவே கோடு போட்டுக் காட்டியது. நான் "வூட்டுக்கு" என்றேனாம். "தண்ணி" என்றேனாம். "குடு" என்றேனாம். பிறகு பல்லைக் காட்டி, உதட்டை இழுத்து, மேடைப் பேச்சாளன் மாதிரி "வீட்டுக்கு" என்றேன், "தண்ணீர்" என்றேன், "கொடு" என்றேன். பச்சை வந்தது.

அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் மாட்டுக்குத் தண்ணி குடுக்கிறவர்கள் எல்லோரும் அதற்குச் சிவப்புதான்.

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால், "ஐயா படிச்சிப் பாத்தீங்களா? உங்களுக்கு என்னா கலரு வந்துச்சி?" என்று கேட்பாரே... அந்தக் கேள்விக்குப் பயந்தேன். டிப்பர் லாரிகளின் முதலாளி நான், ஒரு சிவப்பு நிறத்துக்குப் பயந்தேன்!

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. விழாவுக்குப் பேனர் வேண்டுமே! டீச்சர் பெரம்பலூருக்கு மீட்டிங் போயிருந்த நாளில், டேப் கொண்டுவந்து போட்ட கடைக்காரரிடமே கேட்டு, பிள்ளைகளின் பெயரும் படமும் நிறமும் உள்ள பட்டியலை வாங்கினேன். அவரும் நான் கேட்டதால் கொடுத்துவிட்டார். மேலே கைகூப்பிய என் படம், ஆளுயரத்தில். கீழே பிள்ளைகள் எல்லோருடைய படமும் பெயரும். ஒவ்வொன்றைச் சுற்றியும் மிஷின் போட்ட நிறத்தில் ஒரு வளையம். பேனரை பஸ் நிறுத்தத்தில் கட்டினேன்... செல்வியின் கடைக்கு நேர் எதிரே.

மகேசுவின் படத்தைச் சுற்றிச் சிவப்பு. அடியில், 'வாசிப்புப் பயிற்சி தேவை.'

அச்சடிப்பதற்கு முன் பேனர் கடையில் காட்டிய மாதிரியிலேயே அந்தச் சிவப்பை நான் பார்த்தேன். மகேசுவுக்கா என்று ஒரு கணம் கை நின்றது. என் படம் நன்றாக விழுந்திருந்தது... அடிக்கச் சொல்லிவிட்டேன்.

பள்ளியில் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது. "ஏ செவப்பு, இங்க வாடி!" பஸ்ஸுக்கு நின்ற பெரியவர்கள்கூட விளையாட்டாக, "என்னா மகேசு, உனக்குப் படிக்கவே தெரியலியாம்ல?" என்றார்கள்.

அமலா டீச்சர் பேனரைப் பார்த்த அன்று சாயங்காலமே வந்தார். என் முன்னால் கத்தவில்லை. "அந்தப் புள்ள எழுத்தப் படிக்கலீங்க ஐயா, அர்த்தத்தப் படிக்குது. 'கொடு'ன்னு இருக்கறது புரிஞ்சதாலதான் 'குடு'ன்னு சொல்லுது. எங்கிட்ட அது மொத மார்க்கு" என்றார். "மிஷினு இப்புடிப் பண்ணும்னு உங்களுக்கு எப்புடித் தெரியும், பாவம்" என்றும் சொன்னார்.

அந்தப் 'பாவம்' இன்னும் என் காதில் கிடக்கிறது.

பேனரை இறக்கினேன். யாரோ கொண்டுபோய் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறேன். பேனரில் என் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சிவப்பு வளையங்கள் மட்டும் ஏனோ வெளுக்க மாட்டேன் என்கின்றன.

டீச்சர் வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொன்னால் மகேசு நிற்கிறாளாம். உதடு பிரியவில்லையாம். மனசுக்குள்ளே "வீடு, வீடு" என்று திருத்திப் பார்த்துக்கொள்கிறாளோ என்னவோ! செல்வி என்னைப் பார்த்து, "நல்லாத்தாங்க இருந்துச்சி எம்பொண்ணு" என்கிறாள். அவ்வளவுதான் சொல்கிறாள். டீயும் கொடுக்கிறாள். காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

சென்ற வாரம் பேப்பரை நீட்டினேன். "கண்ணாடிய மறந்துட்டேன் பாப்பா..."

"எனக்குப் படிக்கத் தெரியாது தாத்தா. மிஷினுகிட்ட குடுங்க." சொல்லிவிட்டு மேசையைத் துடைத்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "கொடுங்க" என்று திருத்திக்கொண்டாள்.

நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை பேர் முன்னால் எழுத்துக் கூட்டினேன். 'மழை' என்று தொடங்கி அடுத்த சொல்லில் சிக்கி, வேறு எதையோ சொன்னேன். ஒருவர் சிரித்தார். மகேசு பேப்பரைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். நான் படித்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. உதடுகூட லேசாக அசைந்தது...

சொல்லவில்லை. துணியை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அவளைப் பேச வைக்க வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன் என்று உங்களிடம் பெருமை பேசலாம். இல்லை. எனக்கு உண்மையிலேயே வரவில்லை. அந்தச் சொல் என்ன என்று இன்னும் எனக்குத் தெரியாது.