ஒட்டுவாரொட்டி நாக்கு

செல்லப்பாவோடு பத்து நிமிஷம் பேசினால் அவன் உங்கள் ஊர்க்காரனாகிவிடுவான். எனக்கு அதில் எரிச்சல் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் டீக்கடை. சீசனில் குளிக்க வருகிறவர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. அதனால் அவன் கூத்து முழுவதையும் நான் கல்லாவிலிருந்தே பார்த்தாக வேண்டும்.

கொல்லம் பஸ் வந்தால், "வரணும் சாரே, நல்ல முறியுண்டு. ஞானும் புனலூர்க்காரனாணு" என்பான். மெட்ராஸ் கோஷ்டி இறங்கினால், "இன்னா சார், ரூமா? நான் கீறேன், கவலைய வுடு. நம்பளும் சைதாப்பேட்டதான்." அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மாமி கூடையோடு நின்றால், அதே மூச்சில், "வாங்கோ மாமி, அருவிக்குப் பக்கத்திலேயே ஜாகை இருக்கு. நமக்கும் பூர்வீகம் கல்லிடைக்குறிச்சிதான்." அசல் ஊர் குத்துக்கல்வலசை. அப்பா இல்லை. கொஞ்சம் வயல், அம்மா, கல்யாணமாகாத தங்கச்சி சந்தனமாரி, அவ்வளவுதான் குடும்பம்.

ஊர்ப்பேரை மாற்றிச் சொல்வது வியாபாரம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சு மாறுவது அவன் கையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தாராம். இவன் எழுந்து பாடம் ஒப்பித்தது அப்படியே அவர் ராகத்தில் வந்திருக்கிறது. கேலி செய்கிறான் என்று முட்டி பெயர அடித்தார். அடி வாங்கிக்கொண்டே அழுத அழுகையும் நாகர்கோவில் அழுகையாக இருந்ததாம். அதற்கு இன்னும் நாலு அடி.

"ஏம்வே இப்படி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நானா செய்யுதேன், பரீதண்ணே? எதிராளி வாயைப் பாத்துக்கிட்டே இருந்தா என் நாக்கு அவரு பக்கம் போயிருது. அவரு அங்கன நிக்கும்போது நான் மட்டும் இங்கன நிக்கது ஒருமாதிரி இருக்கு."

எனக்கு அது விளங்கவில்லை. ஒட்டுவாரொட்டி நாக்கு என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் சந்தனமாரிக்கு ஆலங்குளத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை பெயர் இசக்கி, ரைஸ் மில்லில் வேலை. அவனுக்கும் அப்பா இல்லை. தாய்மாமன் மாடன் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். சந்தனமாரிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊர்வாய் அவளை என்ன பாடு படுத்தும் என்று செல்லப்பாவுக்குத் தெரியும்.

பெண் எடுக்கிறவர்கள் முதலில் ஓர் ஆளை அனுப்பிச் சத்தமில்லாமல் துப்பு விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடன் தானே வந்தார். வந்து உட்கார்ந்தது என் கடை பெஞ்சில். யாரென்று எனக்குத் தெரியாது.

"செ... செ..." என்றார்.

"செல்லப்பாவா?" என்று நானே முடித்தேன். கடையில் அவ்வளவு கூட்டம், ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

"ஆ... ஆளு..."

"ஆளு எப்படின்னு கேக்குதீரா? தங்கமான ஆளு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது."

அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். அன்றைக்குப் பார்த்து கொல்லம் பஸ்ஸும் மெட்ராஸ் வேனும் அடுத்தடுத்து வந்தன. செல்லப்பா புனலூர்க்காரனானான், சைதாப்பேட்டைக்காரனானான், கல்லிடைக்குறிச்சிக்கும் போய்வந்தான். மாடன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் தரகர் வந்து சொன்னார். "அண்ணன்காரனுக்கு நாலு ஊரு, நாலு பேச்சு இருக்காமே? இதுல எதை நம்பிப் பொண்ணு எடுக்கதுன்னு கேக்காங்க. ஆடி பொறக்கதுக்கு முன்னால நேர்ல வந்து பதில் சொல்லட்டுமாம்."

அன்றைக்கு என் பெஞ்சில் திக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாடன்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. அந்த நாட்களில் அவன் பஸ்ஸுக்கு ஓடவில்லை. என் கடைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தான். டீ சொல்வான், குடிக்க மாட்டான். கிளம்புகிற அன்று சந்தனமாரி சட்டையை எடுத்துக் கொடுத்தபோது சொன்னாளாம், "அண்ணே, அங்கன போயி வித்தை ஒண்ணும் காட்டாத. வீட்டுல பேசுதாப்புல பேசு, போதும்."

துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். பஸ்ஸில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தான், மூடினான். எழுந்து நின்றான், உட்கார்ந்தான். பக்கத்து சீட்டில் ஒரு மதுரைக்காரர் மணி கேட்டார். பதிலுக்கு இவன் "எட்டரை ஆச்சுங்கண்ணே, அங்கிட்டு வெயிலடிக்குதுல்ல, இங்கிட்டு வந்து உக்காருங்க" என்றானே பார்க்கணும், தொடையில் கிள்ளினேன்.

பாவூர்சத்திரம் தாண்டியதும்தான் விஷயத்தைச் சொன்னேன். "செல்லப்பா, அந்த மாமா திக்கித் திக்கிப் பேசுவாரு. உன் நாக்கைக் கட்டிப் போடு."

அவன் சீட்டைவிட்டு எழுந்துவிட்டான். "அண்ணே, இறங்கிருவோமா?"

"செருப்பால அடிப்பேன். தங்கச்சியை நெனச்சுக்கிட்டு உக்காருலே."

மாப்பிள்ளை வீட்டில் பெஞ்சு போட்டு, காப்பி கொடுத்தார்கள். எதிரே நாற்காலியில் மாடன். சுவரோரம் இசக்கி. அவன் அம்மா கதவுக்குப் பின்னால். செல்லப்பா வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது. எது கேட்டாலும் டம்ளரைப் பார்த்துத் தலையாட்டினான். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

"அவரு பேசமாட்டாராக்கும்? ஊரெல்லாம் பேசுதாரு, எங்ககிட்ட மட்டும் பேச என்ன?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

மாடன் என்னைக் கையமர்த்தினார். செல்லப்பாவை நேராகப் பார்த்தார். "உ... உம்ம ஊ... ஊரு எ... எது?"

வேறு வழியில்லை. செல்லப்பா தலையைத் தூக்கினான். அவர் உதட்டைப் பார்த்தான்.

"கு... கு... குத்... குத்துக்கல்வலசை" என்றான்.

இசக்கி சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தான். "ஏலே, எங்க மாமாவைக் கேலி பண்ணவா இம்புட்டுத் தூரம் வந்தே?"

செல்லப்பாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "இ... இல்லை மா... மாப்பிள்ளை" என்று மறுபடி திக்கினான். எனக்கு அவனைக் கொன்றுவிடலாமா என்றிருந்தது. இதைவிட ஊமையாகவே இருந்திருக்கலாம்.

"இ... இருலே" என்று மாடன் இசக்கியை உட்காரச் சொன்னார். செல்லப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயலைப் பற்றிக் கேட்டார். இவன் திக்கிக்கொண்டே சொன்னான். சாரலைக் கேட்டார், தண்ணீர் வரத்தைக் கேட்டார், செத்துப்போன அப்பாவைக் கேட்டார். அவர் ஒரு சொல்லில் நின்றால் இவனும் அங்கேயே நின்றான். இவன் நின்றால் அவரும் அவசரப்படவில்லை. காப்பி ஆறி ஏடு கட்டியது. எனக்கோ ஒவ்வொரு சொல்லையும் நானே பிடுங்கிக் கீழே போட்டுவிடலாமா என்றிருந்தது.

"எங்க அண்ணன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல" என்று அந்த அம்மா கதவைவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மாடன் சிரித்தார். "எ... எல்லாரும் மீ... மீதியை அவங்களே சொ... சொல்லிருவாங்க. இ... இவரு கூ... கூடவே நிக்காரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்து ஆறிப்போன காப்பியைக் குடித்தேன்.

ஆனாலும் சம்பந்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட அவரே கூட வந்தார். செல்லப்பா துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக வந்தான். தென்காசி பஸ் வந்து நின்றது. அவன் படியில் கால் வைக்கப் போகும்போது மாடன் அவன் கையைப் பிடித்தார்.

"ஆ... ஆ..." என்றார்.

ஆகாது என்று சொல்ல வருகிறாரா, ஆகட்டும் என்று சொல்ல வருகிறாரா? கண்டக்டர் விசில் ஊதினார். "பெரியவரே, சீக்கிரம்" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். செல்லப்பா அவர் கையை விடாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு, வாய் பாதி திறந்தபடி நின்றான். என் நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி நான் யாருக்காகவும் காத்து நின்றதில்லை.

"ஆ... ஆவணியில வச்சுக்கிடுவோம்" என்றார்.