தங்கச்சி பரீட்சைக்கு நான் சொன்ன கஷ்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தது அம்மா, தங்கச்சி, நான். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அதனால் அவரையும் சேர்க்க வேண்டும்.

தங்கச்சிக்கு அடுத்த கிழமை ஹட்டனில் உளவளத்துணையாளர் அனுமதிப்பத்திரப் பரீட்சை. முன்பின் தெரியாத ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்வார். இவள் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. போன முறை புத்தி சொல்லித்தான் கோட்டை விட்டாள். இதுவும் போனால் பள்ளிக்கூடத்தில் தருவதாகச் சொன்ன வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பழகிப் பார்க்க ஆள் வேண்டும் என்றாள். எதிரே உட்கார்ந்தேன். அவள் படிக்கட்டும் என்றுதான் நான் ஏழாம் ஆண்டோடு படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனது. அவள் விரலில் ஒரு கறை இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாச்சும் ஒரு கஷ்டத்த சொல்லுக்கா. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

"ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. சின்னவ நாக்காலில ஒக்காந்து சம்பாதிக்கப் போறா. பெரியவளுக்கு அதப் பாத்தா வயிறு எரியுது."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "அந்தப் பெரியவளுக்கு ரெண்டு போடு போடு புள்ள! கூடப் பொறந்தவ மேலயா பொறாம?"

"அக்கா, நீங்க பேசக்கூடாது. இது ரகசியம்," என்றாள் தங்கச்சி.

"ரகசியம்னா மெல்லப் பேசுங்கடி. கடேசி வீடு வரைக்கும் கேக்குது."

அம்மா சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"எப்ப இருந்துங்க அப்படி எரியுது?"

என்னிடம் அவள் மரியாதை போட்டுப் பேசியது அன்றுதான்.

"அவ மொத மொதல்ல கால்ல சப்பாத்து போட்டு ஸ்கூலுக்குப் போன நாள்ல இருந்து."

அப்படி நினைக்காதே என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இதிலும் கெட்டிக்காரியாகிவிட்டாளே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

முடிவு வந்த அன்று நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றேன். போனில் கத்தினாள்.

"பாஸ்க்கா!"

தேறுவதற்கு அறுபது புள்ளி போதும். அவள் தேறத்தான் வேண்டும். ஆனால் அறுபத்தொன்று, மிஞ்சினால் அறுபத்திரண்டு என்றால் எனக்குச் சம்மதம்.

"எத்தன?" என்று கேட்டேன்.

தொண்ணூற்றொன்று.