எதிர்வீட்டு வெள்ளிக்கிழமை

மொரோக்கோவில் படிப்பிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னபோது எனக்கு அந்த நாடு நினைவுக்கு வரவில்லை. அவளுடைய இன்ஹேலர்தான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மெண்டில் அவளுடைய இருமல் சத்தம் கொஞ்சம் மாறினாலே நானோ மனைவியோ அறை வாசலில் போய் நிற்போம். ரபாத்தில் யார் வந்து நிற்பார்கள் என்று கேட்டேன். "அப்பா, எனக்கு முப்பது வயசாகப் போகுது" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதிலா? ஆனாலும் போய்விட்டாள்.

சில மாதங்களில் நானும் பின்னாலேயே போனேன். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்திருந்த மனைவியை ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டில் விட்டுவிட்டு, ஊர் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஊராவது மண்ணாவது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

போய் இறங்கியதும் முதல் கூத்து. சின்ன நீல ரக்சியில் நானும் மகளும் போய்க்கொண்டிருக்க, சாரதி நடு வழியில் நிறுத்தி முன்சீட்டில் யாரோ ஒருவரை ஏற்றினார். "பிள்ளை, கதவைத் திற. இறங்குவம்" என்றேன். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போகிற வழி ஒன்றென்றால் அங்கே யாரும் ஏறலாமாம். ஏறியவர் திரும்பி, மகள் மொழிபெயர்க்க, என் சுகம், அவள் சுகம், ஊரில் இருக்கிறவர்களின் சுகம் எல்லாம் விசாரித்து, இறங்கும்போது எங்களுக்காகப் பிரார்த்தித்துவிட்டும் போனார். மோர்னிங்சைட்டில் என்னோடு வருடக்கணக்காக லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள் இன்றைக்கும் கதவைப் பார்த்தபடிதான் நிற்கிறார்கள்.

அடுத்தது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. மகளோடு அதில்தான் பொல்லாத சண்டை. பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் சரியாக வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் அவளுக்குப் பொரித்த கோழியில் ஆசை வரும். தாய் சொல்லிக் களைத்தாள், நான் கத்திக் களைத்தேன். இருவருமே தோற்றோம்.

மொரோக்கோவிலோ வெள்ளிக்கிழமை என்றால் குஸ்குஸ். ஆவியில் அவித்த ரவையைக் குவித்து, மேலே மரக்கறிகளை அடுக்கி, உச்சியில் ஆட்டிறைச்சியை வைப்பார்கள். மத்தியானத் தொழுகை முடிந்ததும் ஊரே அதைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அயல்வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். எங்கள் எதிர்வீட்டில் தனியாக இருந்த வயதான மனுசியை மகள் 'ஹல்தி' என்று கூப்பிடுவாள். தாயின் சகோதரியைக் கூப்பிடும் சொல்லாம், எங்கள் பெரியம்மா, சித்தி மாதிரி. வேட்டியும் திருநீறுமாக நான் கதவைத் திறக்க, அவர் ஒரு பெரிய மண் தட்டை நீட்டினார். உச்சியில் ஓர் ஆட்டுக்கால். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பாஷை இல்லை. இருந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன். மகள் ஒருத்தியே முழுவதையும் தின்று தீர்த்தாள்.

வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கலாமா? கழுவி, கேசரி கிண்டி நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். இந்த மெலிந்த மனுசனுக்கு இறைச்சி போதவில்லை, நாசூக்காகக் கேட்கிறார் என்று ஹல்தி நினைத்துவிட்டார். அடுத்த வெள்ளி இறைச்சி கூடியது. நானும் விடவில்லை, வடை, கடலை, பாயாசம் என்று தட்டை நிரப்பினேன். நான் நிரப்ப நிரப்ப அவருடைய தட்டில் ஆடு பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் இறைச்சிக்குள் ரவையைத் தேட வேண்டியிருந்தது.

"நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்" என்று மகள் போனாள். வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி திரும்பி வந்தாள்.

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமையிலை இறைச்சி தின்னக் கூடாதெண்டு எந்த டொக்டர் சொன்னவர் எண்டு கேக்கிறா. உங்களுக்கு என்ன வருத்தமாம்?"

அன்று பின்னேரமே ஒரு கட்டு மூலிகை வந்தது, அவித்துக் குடிக்கட்டாம். மறுக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். அதற்குப் பிறகு வந்த தட்டுகளில் பூசணி, கரட், கோவா, கொண்டைக்கடலை மட்டும்தான் இருந்தன. எனக்கென்று வேறு சட்டியில் சமைத்தாராம்.

பிள்ளையைக் கூட்டி வர என்னால் முடியவில்லை. இன்னும் ஒரு வருடம் நிற்க யோசிக்கிறாள் என்று அறிந்து வாய் ஓயும்வரை சண்டை பிடித்தேன். புறப்படும் அன்று, அவள் தன் வீட்டுக் கதவுத் திறப்பில் ஒன்றை ஹல்தியின் கையில் கொடுப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"உனக்கென்ன விசரே? சொந்தமோ பந்தமோ? ஆரோ ஆக்களின்ரை கையிலை திறப்பைக் குடுக்கிறாய்."

"அப்பா, ரிலாக்ஸ்."

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மோர்னிங்சைட்டுக்குத் திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நேரம், இங்கே எனக்குக் காலைத் தேநீர் நேரம். சென்ற மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். முதல் நாள் ஒரு அலுவலாக அடித்துப் பேசியபோது அவளுடைய மூச்சில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. மனைவி குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல், சப்பாத்துக்கூடப் போடாமல் பனி கிடந்த பால்கனிக்குப் போனேன். யாருக்கு அடிப்பது? அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மனுசி. அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் பேச ஒரு பாஷை இல்லை. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்குக் கால் விறைத்ததுகூடத் தெரியவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக உள்ளேயும் வெளியேயுமாக அலைந்த பிறகு, கடைசியில் போன் அடித்தது. மகளின் நம்பர்தான். ஆனால் திரையில் ஹல்தியின் நெற்றியும் முக்காடும். அவர் வேகமாக ஏதோ சொன்னார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு போன் திரும்பியது. ஹல்தி வீட்டு நீளமான சோபாவில், போர்வைக்குள் என் பிள்ளை.

"பயப்பிடாதேங்கோ அப்பா. இப்ப ஓகே."

தொழுகை முடிந்து ஹல்தி தட்டோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கதவு திறக்காமல் இருப்பது அவருடைய கணக்கில் சாதாரண விஷயம் இல்லை. தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, ஓடிப்போய்த் திறப்பை எடுத்து வந்து திறந்திருக்கிறார். இன்ஹேலர் முடிந்து, மூச்சுக்குத் திணறியபடி மகள் குசினி வாசலில் இருந்திருக்கிறாள். ஏற்கனவே ஆள் இருந்த ஒரு ரக்சியை மறித்து ஏற்றினாராம். உள்ளே இருந்தவர் தன்னுடைய இடத்தில் இறங்காமல் கிளினிக் வரைக்கும் கூடவே போனாராம். அங்கே மருந்துப் புகை பிடித்து மூச்சு சீரான பிறகுதான் திரும்பி வந்தார்களாம்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். மனைவி அகப்பையோடு ஓடி வந்து போனைப் பறித்தாள். விஷயம் விளங்கியதும் திரையிலிருந்த ஹல்தியைக் கைகூப்பிக் கும்பிட்டாள்.

ஹல்தி அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினார். பூசணி, கரட், கோவா, கொண்டைக்கடலை.

"பாத்தீங்களே? நீங்கள் போன நாளிலையிருந்து எனக்கும் உதுதான்" என்றாள் மகள், கம்மிய குரலில். "எங்கடை குடும்பத்துக்கே வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் தின்னுவன் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். அப்பா இல்லையெண்டு குழப்படி விடப் பாக்கிறியோ எண்டு பேசுறா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் இங்கே வைத்துத் தோற்றுப்போன வெள்ளிக்கிழமையை, அங்கே ஒரு முஸ்லிம் மனுசி வாரம் தவறாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, இன்னும் ஒரு வருசம் நிக்கட்டே?"

"நில்லு" என்றேன். "பெரியம்மா சொல்லுறதைக் கேட்டு நட."