கட்டிங் அக்காவின் ரன் பொத்தான்

தையல் ஆலையில் எல்லோருக்கும் அவள் கட்டிங் அக்காதான். நூறு அடுக்குத் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மின்கத்தியால் வெட்டுபவள். கத்தி ஒரு விரல் அகலம் விலகினால் பாழாவது ஒரு சட்டை இல்லை, நூறு சட்டை. அதனால் அளப்பாள், அளந்ததை மறுபடி அளப்பாள், பக்கத்தில் யாராவது தும்மினால் மூன்றாவது முறையும் அளப்பாள். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்? அதை வைத்துத்தான் அவள் பிழைப்பே ஓடியது.

அப்படிப்பட்டவள் மாலை நேரக் கணினி நிரல் வகுப்பில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஆலையின் மாடியில் இருந்தது. சட்டைகளின் மாதிரியைக் கணினியில் வரையும் அறை அது. அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஓர் இடம் காலியானதும் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "புரோகிராம் எழுதத் தெரியும்னு ஒரு சான்றிதழ் கொண்டு வாங்க. அந்த இடம் உங்களுக்குத்தான்" என்றார். நின்று நின்று வீங்கிப்போன கால்கள் அவளுக்கு முந்திக்கொண்டு சரி என்றன. அன்றைக்கே வகுப்பில் பெயர் கொடுத்தாள்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர் விடுவாரா? "ஏழு கழுதை வயசாச்சு, இப்ப என்ன படிப்பு?" என்றார்.

"உங்களுக்கு எட்டாச்சு. சாயங்காலப் பாத்திரம் இனிமே உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே அவர் தேய்க்கத் தொடங்கினார்.

டீச்சருக்குக் கட்டிங் அக்காவுடைய தங்கை மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "யாரும் மனப்பாடம் பண்ணாதீங்க. பக்கத்துல பாத்து அடிக்காதீங்க. ரெண்டு வரி எழுதுங்க, ரன் பொத்தானை அமுக்கி நிரலை ஓட்டுங்க, என்ன வருதுன்னு பாருங்க. சிவப்பா எழுத்து வந்தா பயப்படாதீங்க. அது உங்களைத் திட்டலை, எந்த வரியில சிக்கல்னு சொல்லுது. முதல் தேர்வுல தேறாதவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதையும் விட்டா, வெளியில காத்திருக்கிறவங்களுக்கு உங்க நாற்காலி போயிரும்."

கட்டிங் அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றைத் தவிர. இரண்டே வரியில் ரன் பண்ணுவதா? அரைகுறையாக இருக்கும்போது கத்தியை ஓட்டுகிற புத்திகெட்டவள் இல்லை அவள். மற்றவர்கள் அமுக்கி அமுக்கித் திரையைச் சிவக்கவைத்துச் சிரித்தபோது, பாவம் அவசரக்குடுக்கைகள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் முழுதும் எழுதுவாள், விரலை வைத்து வரிவரியாகப் படிப்பாள், திரும்பவும் படிப்பாள். வீட்டுப் பாடத்துக்கு நேரக்கணக்கு இல்லாததால் இந்த முறை அங்கே எப்படியோ ஓடிவிட்டது.

தேர்வில் ஓடவில்லை. எழுதச் சொன்னது, மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ச்சியா இல்லையா என்று சொல்லும் நிரல். அவள் எழுதி, படித்து, இன்னொரு முறை படித்து முடிக்கும்போது மணியடிக்க ஒரு நிமிடம் இருந்தது. ரன்னை அமுக்கினாள். முதல் வரியில் ஒரு மேற்கோள்குறியை மூடாமல் விட்டிருந்தாள். அதை மூடியதும் அடுத்த பிழை எட்டிப் பார்த்தது. அதைத் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது. பூஜ்யம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். அவமானமாக இருந்தது. அன்று கணவர் கேலி எதுவும் பேசாமல் பாத்திரங்களைத் தேய்த்தது இன்னும் அழுகையைக் கிளப்பியது.

மறுநாள் ஆலையில் மாடியறைப் பெண் புதுச் சட்டையின் சாம்பிளோடு கீழே வந்தாள். எந்தச் சட்டையானாலும் முதலில் மலிவுத் துணியில் ஒன்றைத் தைத்துப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பது ஆலை வழக்கம். அன்று கை இறுக்கம், கழுத்தோ கோணல். "ஐயோ, இதைப் போட்டா மனுஷன் மூச்சே விட முடியாது" என்று சிரித்தபடி சாக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டு மேலே எடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் திருத்திய சாம்பிள் வந்தது. அதிலும் ஒரு வட்டம் விழுந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை.

வருஷக்கணக்காகப் பார்த்த காட்சிதான். கட்டிங் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே!" ரன் பொத்தான் மின்கத்தி இல்லை. அது சாம்பிளைப் பொம்மைக்குப் போட்டுப் பார்க்கிற வேலை. எத்தனை முறை போட்டுக் கழற்றினாலும் ஒரு முழத் துணிகூட வீணாகாது.

இரண்டாம் தேர்வு வந்தது. மூன்று எண்களில் பெரியதை நிரல் சொல்ல வேண்டும். இரண்டு வரி எழுதினாள், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கி, மெல்லத் திறந்தாள். சிவப்பு. பயப்படாமல் அதைப் படித்தாள். இரண்டாம் வரியில் சிக்கல் என்றது. திருத்தி அமுக்கினாள், ஓடியது. இன்னும் இரண்டு வரி. மறுபடி சிவப்பு.

பின்னால் வந்து நின்ற டீச்சர் கவலையோடு குனிந்தாள். "என்னக்கா, மாட்டிக்கிட்டீங்களா?"

"கழுத்து கொஞ்சம் கோணல், டீச்சர். பிரிச்சுத் தைச்சுருவேன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே திரையில் பெரிய எண் சரியாக வந்து நின்றபோது, அவளே முதலில் கை தட்டினாள். வகுப்பில் கட்டிங் அக்காவின் நாற்காலி அவளுக்கே நிலைத்தது.

வீட்டு வாசலில் கணவர் ஈரக் கையோடு காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. "தேறிட்டே, சரி. எத்தனை தப்பு வந்துச்சு?"

கட்டிங் அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எண்ணவே இல்லைங்க."