மணல் சாரின் சல்லடை

பேனா மூடியைக் கடித்தபடி மணலைச் சலித்துக்கொண்டிருக்கிறார் மணல் சார். சல்லடையில் எதுவும் தங்கவில்லை. எப்படித் தங்கும், காலையில்தானே சலித்தார்? கவலை வந்தால் சிலருக்குக் கை டீயைத் தேடும். சிலருக்கு நாக்கு அடுத்த வீட்டுக் கதையைத் தேடும். இவருக்குச் சல்லடை.

மனம் நொந்த பிள்ளைகளை விளையாட்டால் தேற்றும் ஆலோசகர் அவர். ஐம்பத்திரண்டு வயது, அகலமான உடம்பு. ஆலோசனை மையத்தின் பின்னறையில், முழங்கால் இரண்டும் காதுப் பக்கம் வர, மழலையர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருப்பார். எதிரே நீலத் தட்டுகளில் மணல். அலமாரியில் போலீஸ்காரர், கல்யாணப் பெண், டைனோசர், கூரை கழன்ற வீடு, மூன்று கால் குதிரை. பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்து மணலில் வைக்கும். இவர் பார்த்துக்கொண்டிருப்பார். "இதுக்கா சார் இவ்வளவு படிச்சீங்க?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. மணல் டாக்டர் என்று கூப்பிட்டவர்களிடமெல்லாம் "டாக்டர் இல்லீங்க, சார்னு சொன்னாப் போதும்" என்று சொல்லிச் சொல்லி, மணல் சார் ஆகிவிட்டார்.

அமைதிக்கு அவரிடம்தான் பாடம் கேட்க வேண்டும். "மூக்கால இழு கண்ணு. நாலு எண்ணு. வாயால மெதுவா விடு." பிள்ளைகள் அழகாக விடுவார்கள். இவர் இரண்டு எண்ணுவதற்குள், வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க எழுந்துவிடுவார்.

வீட்டிலும் தொழில் விடாது. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, காது கொடுத்துக் கேட்கிறேன் என்று காட்டுவது இந்த வேலையில் ஒரு முறை. மனைவியிடமும் அதே முறைதான்.

"எத்தன தடவ கூப்பிடறது? சாப்பாடு ஆறிப் போகுது."

"சாப்பாடு ஆறிடுமோன்னு உனக்குக் கவலையா இருக்கு."

"கவலை இல்ல, கோவம்."

"கோவமா இருக்கு."

"இன்னொரு தடவ திருப்பிச் சொன்னீங்க, தட்டு உங்க தலையில இருக்கும்."

இதை அவர் திருப்பிச் சொல்லவில்லை.

இப்போதைய கவலைக்கு ஒன்பது வயது, இரட்டைப் பின்னல். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வராததிலிருந்து ஏழு மாதமாக அந்தச் சிறுமி யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமைகளில் வருவாள். மஞ்சள் வாத்து ஒன்றை மணலின் வலது மூலையில் புதைப்பாள், மேலே தட்டிச் சமன்செய்வாள், போய்விடுவாள். அடுத்த வியாழன் வந்ததும் முதல் வேலையாகத் தோண்டுவாள். வாத்து இருக்கும். அவள் தோள் ஒரு விரற்கடை இறங்கும். மறுபடி புதைப்பாள். ஐந்து வாரம் இதேதான். கண்ணில் படாமல் போன ஒன்று, போன இடத்திலாவது பத்திரமாக இருக்குமா என்று சோதித்துப் பார்க்கிறாள் என்பது மணல் சாரின் கணிப்பு. அவள் தட்டுக்கு மூடி போட்டு, 'யாரும் கை வைக்கக் கூடாது' என்று தம் கைப்பட எழுதி ஒட்டினார்.

வைத்ததும் அதே கைதான்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அப்பா போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்க சார். இன்னும் ரெண்டு தடவ பாப்போம். நான் ஷிப்டு வேலைக்குப் போறவன், பேசாத புள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது? மாற்றம் இல்லேன்னா விடுதிப் பள்ளிக்கூடத்துல சேத்துடறேன். ஃபாரம்கூட வாங்கிட்டேன். உங்க கையெழுத்துதான் பாக்கி."

போனை வைத்தவரின் கை சல்லடையை எடுத்தது. பேனா மூடியைக் கடித்தபடி, பக்கத்திலிருந்த தட்டின் மூடியைத் திறந்து சலிக்கத் தொடங்கினார். அன்று சல்லடையில் ஒன்று தங்கியது. கவலையின் மும்முரத்தில் அது என்னவென்றுகூட யோசிக்காமல் கழுவி, துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அந்த வியாழன் அவள் தோண்டினாள். வலது மூலை. இடது மூலை. நடு. நீல அடித்தட்டு தெரியும்வரை தோண்டினாள். பிறகு நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். பளபளவென்று வாத்து. விரலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். மீதி நாற்பது நிமிடமும் அவை மடியை விட்டு எழவில்லை.

"கூட்டும்போது நான் எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க சார்," என்றார் அறைகளைப் பெருக்கும் அம்மா. "திட்டினா திட்டிட்டுப் போகட்டும். அது வாயத் தொறந்து திட்டினாலே உங்களுக்கு ஜெயம்தானே?"

அந்த யோசனை ஒரு வாரம் அவருக்கு இனித்தது. இனிக்கிறதே என்ற கவலையில் எல்லாத் தட்டுகளையும் இரண்டு முறை சலித்தார், அவளுடையதைத் தவிர.

இன்று கடைசி வியாழன். அப்பா வெளியே பெஞ்சில், மடியில் ஃபாரம். அவள் உள்ளே, மடியில் கை. பிள்ளை தொடங்கும்வரை பெரியவர் தொடங்கக் கூடாது என்பது முறை. மணல் சார் மூக்கால் இழுத்தார். நாலு எண்ணப் பார்த்தார். ஒன்றரைக்கு மேல் போகவில்லை.

"உன் வாத்த எடுத்தது நான்தான் கண்ணு. வேற யாரும் இல்ல. எனக்கு பயம் வந்தா கை சும்மா இருக்காது, இந்தச் சல்லடைய எடுத்துடுவேன். உன்னக் கேக்காம எடுத்தது தப்பு."

சொல்லி முடித்ததும் அவர் பேனா மூடியைப் பல்லுக்குக் கொடுத்தார்.

அவள் எழுந்தாள். ஆணியில் தொங்கிய சல்லடையை எக்கி எடுத்து, கதவைத் திறந்து, வெளியே தரையில் வைத்துவிட்டு வந்தாள். அலமாரியிலிருந்து வாத்தை எடுத்தாள். அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் வாயிலிருந்த பேனாவை மூடியோடு உருவினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தன் சட்டையில் துடைத்தாள். வலது மூலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்து, தட்டிச் சமன்செய்து, தட்டின் மூடியையும் தானே போட்டாள்.

"ஏதாவது பேசுனாளா சார்?" என்றார் வெளியே அப்பா.

"இல்லீங்க."

"அப்ப இதுல..." ஃபாரத்தை நீட்டினார். ஆலோசகர் நிரப்ப வேண்டிய பகுதியில் 'மாற்றம் உண்டா?' என்று ஒரு கேள்வி. எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்.

மணல் சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. காலி. திரும்பி உள்ளே பார்த்தார். நாலு எட்டில் தட்டு, ஒரு விரல் ஆழத்தில் பேனா. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சிறுமி பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். அப்பாவிடம் கையை நீட்டினார்.

"உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க. என்னுது அடுத்த வியாழக்கிழமதான் கிடைக்கும்."