மாமியார் அறையில் மலைக் கொசுக்கள்

ஊரெல்லாம் கொசுவை ஒழிக்கச் சம்பளம் வாங்கும்போது, அதை வளர்க்கச் சம்பளம் வாங்கிய பெருமை கொசுமாமாவுக்கு உண்டு. மலேரியா ஆய்வகத்தில் தலை நரைக்கும்வரை அதே உத்தியோகம். சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்; புழுக்களுக்கு மீன் தீவனத்தைத் தூளாக்கித் தூவுவார். பெற்ற பிள்ளைகள்கூட இத்தனை கவனிப்பைக் கண்டதில்லை என்பது வீட்டாரின் கட்சி.

சூடான அறையில் கடலோரக் கொசுக்கள், குளிர் அறையில் மலைக் கொசுக்கள். ஒரே இனம், பார்த்தால் ஒரே அச்சு. ஆனால் கடலோரக்காரி எந்தப் புழுக்கத்துக்கும் அசரமாட்டாள்; மலைக்காரியோ கொஞ்சம் சூடேறினாலே சுருண்டுவிடுவாள். அந்த வித்தியாசம் மரபணுவில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார் ஆய்வாளர் அம்மா. பூமி சூடாகச் சூடாக எவள் எந்த ஊருக்குக் குடிபெயர்வாள் என்பது அதில் தெரிந்துவிடுமாம்.

ஒரு மதியம், அந்த அம்மா வெளியூர் போயிருந்த நேரமாகப் பார்த்து, குளிர் அறையின் ஏசி மூச்சை நிறுத்தியது. மலைக் கொசுக்களில் மிஞ்சியிருந்தது ஒரே கூண்டு. அதுவும் போனால், மலையில் மறுபடி கொசு பிடிக்கக் கிடைக்கும் அடுத்த மழைக்காலம்வரை ஆராய்ச்சிக்கு விடுமுறைதான். கொசுமாமா போனில் சேதியைச் சொல்லிவிட்டு, கூண்டுக்கு ஈரத்துணி போர்த்தி, ஆட்டோ பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே ஏசி அறைக்குப் பறந்தார். அது அவருடைய மாமியாரின் அறை.

“என்ன மாப்பிள்ளை, இங்க இருக்கற கொசு போதாதுன்னு விருந்தாளி வேறயா?”

“நோய்நொடி இல்லாததுங்க, அத்தை. ஆய்வகத்துலயே பொறந்து வளர்ந்தது. சூடு தாங்காது.”

“எனக்கு மட்டும் தாங்குதாக்கும்!”

கூண்டை மேசைமேல் வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடினார். ஆய்வகத்து ஏசி ஒருவழியாகக் குளிர்ந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த நினைவு வந்தது. பொழுது சாய்ந்தால் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவிரட்டி சுவிட்சைத் தட்டிவிடுவார்!

போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. செருப்போடு வீட்டுக்குள் பாய்ந்தார். மாமியார் கூடத்தில் வியர்த்து வழிந்தபடி செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

“அத்தை, அந்த மெஷினு...?”

“போடலை. போட்டா உங்க செல்லங்க உயிர் போயிடும், போடாட்டி என் உயிர் போயிடும். அதான் வெளிய வந்து உக்காந்துட்டேன். போய்ப் பாருங்க!”

அறையில் கூண்டின் வலையெங்கும் கொசுக்கள் கால் தூக்கி ஜம்மென்று அமர்ந்திருந்தன. தண்ணீர்க் கிண்ணத்தில் குட்டிப் படகுகளாகப் புது முட்டைகள் வேறு. கொசுமாமா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். போன் அடித்தது, மதியத்திலிருந்து பதறிக்கொண்டிருந்த ஆய்வாளர் அம்மா.

“எல்லாரும் சௌக்கியம், மேடம். தாயும் சேயும் நலம்.”

கூடத்திலிருந்து குரல் வந்தது: “நான் எப்படி இருக்கேன்னு யாராச்சும் கேட்டீங்களா?”