சகலையின் பெட்டியில் ஒரு வயர்

கூத்தையாவுக்குப் பதினாறு வருஷமாக ஒரே வயிற்றெரிச்சல். சாயல்குடி சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடையோ கல்யாணமோ, குழாய் ஸ்பீக்கர் கட்டி சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர் அவர்தான். ஆனால் சிக்கல் என்ற ஊரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனால் மரியாதையெல்லாம் சகலை அருள்முருகனுக்கு. நெஞ்செலும்பு அவன் இலைக்கு, கழுத்தெலும்பு இவர் இலைக்கு.

அருள்முருகன் அதிர்ந்து பேசாதவன். சவுதியில் பதினோரு வருஷம் ஜெனரேட்டர் ரூமில் நின்றவன். யார் பேசினாலும் கிட்டே வந்து, முகத்தைப் பார்த்துக் கேட்பான். அதையும் பணிவு என்று சொந்தமெல்லாம் மெச்சியது. கூத்தையாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

ஊர் திரும்பியவன், அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டி இரண்டை மாமியாருக்குக் கொடுத்தான். பாட்டைப் போட்டால், ஜால்ரா சத்தம் ஊசி மாதிரி காதில் இறங்கியது. பெட்டியைப் பிரித்து, கீச்சுக்குரல் போடும் ட்வீட்டருக்குப் போகிற வயரில், சத்தத்தைக் குறைக்கப் பெட்டிக்கொரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். சத்தம் மெத்தென்று அடங்கிவிட்டது.

"சின்ன மாப்பிள்ள கை வச்சா மோரு குடிச்ச மாதிரி இருக்கு," என்று மாமியார் பூமயில் கூத்தையாவிடமே சொன்னாள். "உங்க கொழாய் காதக் கிழிக்குதுல்ல."

கிழிக்காமல்? இரண்டு கண்மாய் தாண்டிக் கேட்க வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூத்தையா முதலில் எழுந்து, கைகழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு ரெசிஸ்டரின் இரண்டு காலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டினார்; இனி அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பழக்கதோஷத்தில் பச்சை டேப்பும் சுற்றினார். மூடிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

"ஆத்தி! காது போச்சே!" என்று பூமயில் ஓடிவந்தாள்.

"என்ன சகல, ஒன் வைத்தியம் இம்புட்டுத்தானா?" என்றார் கூத்தையா.

அருள்முருகன் பெட்டியருகே குத்தவைத்து, காதைக் கொடுத்துக் கேட்டான். "நல்லாத்தானத்தே இருக்கு?"

பூமயில் சிரித்துவிட்டாள். "கிண்டலப் பாரு!"

கூத்தையாவும் சிரித்தார். ஆனால் அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"ஒரு காப்பி போடுங்கத்தே," என்று அவளை அனுப்பிவிட்டு, அருள்முருகன் பெட்டிகளைத் திறந்தான். டேப்பைப் பார்த்தான். அந்த வீட்டில் பச்சை டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் ஒருத்தர்தான். அவன் நிமிரவில்லை. இரண்டு வயரையும் அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, எனக்குக் கீச்சுச் சத்தம் கேக்காதுண்ணே. ஜெனரேட்டர்ல போயிருச்சு. ரெசிஸ்டர் வச்ச அன்னைக்கு மாலதிதான் பக்கத்துல இருந்து கேட்டுச் சொன்னா. பேரு எனக்கு வந்துருச்சு."

கட்டிய பெண்டாட்டியின் காதை வைத்தா இவ்வளவு நல்ல பேர் வாங்கினான்! கூத்தையாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடுப்படியைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டால் போதும். பதினாறு வருஷக் கணக்கும் இன்றைக்கே தீர்ந்துவிடும். உள்ளேயிருந்து பூமயில் சத்தம் கொடுத்தாள்: "சின்ன மாப்பிள்ள சரி பண்ணிருவாருல்ல?"

அருள்முருகன் பாட்டைப் போட்டான். கிட்டே வந்து, கூத்தையாவின் முகத்தையே பார்த்தான்.

"மாலதி கமுதி போயிருக்காண்ணே. நீங்க கேட்டுச் சொல்லுங்க. குத்துனா குத்துதுன்னு சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லிராதீங்க."